ஃபிஷ் அண்ட் சிப்ஸை ஏன் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்

எண்ணெயிலிருந்து எடுத்த மீனின் மொறுமொறுப்பு சுமார் பத்து நிமிடம்தான் நிற்கும். அதற்குப் பிறகு உள்ளே அடைபட்ட நீராவி மேல்மாவை ஊறவைத்துவிடும். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் என்பது மாவில் முக்கிப் பொரித்த மீனும், தடித்த குச்சிகளாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கும். பிரிட்டனில் ஊருக்கு ஊர் இருக்கும் அந்தக் கடைகளுக்குப் பெரும்பாலும் பொட்டல வியாபாரம்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டின் முழு ருசியும் தெரிய வேண்டுமென்றால், நாலு மேசையாவது போட்டிருக்கிற கடையாகப் பார்த்து உட்கார வேண்டும். கிழங்கு, மீன், மாவு மூன்றிலும் தண்ணீர் இருக்கிறது. எந்தத் தண்ணீரை வெளியேற்றுவது, எதை உள்ளேயே நிறுத்துவது என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். நல்ல கடைக்கும் சுமாரான கடைக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய எல்லாமே அங்கிருந்துதான் வருகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாவில் முக்கிப் பொரித்த மீன், ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூதர்களோடு லண்டனுக்கு வந்தது. சிப்ஸ் வட இங்கிலாந்தின் நெசவாலை ஊர்களில் தனியாக விற்றுக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து முதலில் விற்றவர் 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் கடை வைத்த ஜோசப் மாலின் என்று தெற்கத்தியர் சொல்வார்கள். 1863 வாக்கில் லங்காஷயர் பக்கம் மாஸ்லியில் விற்ற ஜான் லீஸ்தான் என்று வடக்கத்தியர் சொல்வார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. அதைவிட முக்கியம் நீராவி இழுவைப் படகுகளும் ரயிலும். கிரிம்ஸ்பி, ஹல், ஃப்ளீட்வுட் துறைமுகங்களில் இறங்கிய மீன், பனிக்கட்டியோடு உள்நாட்டு ஆலை ஊர்களுக்குப் போய்ச் சேர முடிந்த பிறகுதான் இது தொழிலாளர் குடும்பங்களின் சாப்பாடானது. இரண்டாம் உலகப் போரில் ரேஷனுக்குள் கொண்டுவரப்படாத உணவுகளில் இதுவும் ஒன்று. இன்று நாட்டில் சுமார் 10,500 கடைகள் இருப்பதாகக் கணக்கு. கிரேக்க சைப்ரஸ் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும் தலைமுறையாக நடத்தும் கடைகள் அவற்றில் ஏராளம்.

கிழங்கு

மீனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கடைக்காரர் கவலைப்படுவது கிழங்கைப் பற்றி. மீனின் தரம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். கிழங்கு மூட்டைக்கு மூட்டை மாறும்.

இந்தத் தொழிலில் அதிகம் பேசப்படும் ரகம் மாரிஸ் பைப்பர். கேம்பிரிட்ஜில் இருந்த பயிர் இனப்பெருக்க நிலையம் உருவாக்கி 1966-ல் வெளியிட்ட ரகம் அது. மார்க்கீஸ், அக்ரியா, சஜிட்டா ஆகியவையும் புழக்கத்தில் உண்டு. கடைக்காரர் பார்ப்பது இரண்டு குணங்களை. ஒன்று, தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருள். அது நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருந்தால் சிப்ஸின் உள்ளே மாவாக உதிரும். குறைந்தால் நசநசவென்று இருக்கும், எண்ணெயையும் கூடுதலாகக் குடிக்கும். இரண்டாவது, சர்க்கரை. கிழங்கை அதிகக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். அந்தக் கிழங்கைப் பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும், கசக்கும். அதனால்தான் பொரிக்கிற கிழங்கைச் சாதாரணக் குளிர்பெட்டிச் சூட்டில் வைக்காமல், 7 முதல் 9 டிகிரி வாக்கில் சேமிக்கிறார்கள்.

வருடத்தில் மோசமான காலம் ஜூன், ஜூலை. போன வருடத்துக் கிழங்கு கிடங்கிலேயே கிழடுதட்டிச் சர்க்கரை ஏறியிருக்கும். புதுக்கிழங்கு தண்ணீராக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கடைக்காரர் மாட்டிக்கொள்கிற வாரங்கள் அவை. வழக்கமாகப் போகும் கடையில் அந்த நேரத்தில் சிப்ஸ் கொஞ்சம் கறுத்தோ தளர்ந்தோ இருந்தால் சமையல்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. அக்டோபரில் அதே கடை அருமையாக இருக்கும்.

தோல் சீவும் எந்திரம் முக்கால் வேலையை முடித்ததும், கண்களையும் கரும்புள்ளிகளையும் கையால் எடுப்பார்கள். சுமார் 15 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டுவார்கள். பர்கர் கடையின் மெல்லிய குச்சிகளைவிட இது இரண்டு மடங்கு தடிமன். தடிமன் கூடினால் ஒரே எடைக்கு மேற்பரப்பு குறையும், எண்ணெய் ஏறுவதும் குறையும். வெட்டியதும் தண்ணீரில் அலசி மேலே ஒட்டிய மாவுச்சத்தைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் சிப்ஸ் ஒன்றோடொன்று ஒட்டும், எண்ணெயும் சீக்கிரம் கெடும். பிறகு வெள்ளையாகவே இருக்க சல்ஃபைட் கலந்த தண்ணீரில் போட்டெடுக்கும் கடைகள் உண்டு. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பிரிட்டன் சட்டப்படி கடைகள் சொல்லியாக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் சல்ஃபைட்டும் ஒன்று. எனவே தயங்காமல் கேட்கலாம்.

அலசிய சிப்ஸை நன்றாக வடியவிடாமல் எண்ணெயில் கொட்டுவதுதான் அவசரத்தில் நடக்கும் முதல் தவறு. தண்ணீர் சட்டென்று ஆவியாகி எண்ணெய் பொங்கும். சூடும் ஒரேயடியாக இறங்கும். இறங்கிய சூட்டில் மேல்தோல் இறுகாது, எண்ணெய் உள்ளே போகும். சில கடைகள் முதலில் 130, 140 டிகிரியில் நிறம் வராமல் வேகவைத்து எடுத்து ஆறவிட்டு, ஆர்டர் வந்ததும் 175 டிகிரி வாக்கில் மறுபடி பொரிக்கும். அக்கம்பக்கத்துக் கடைகள் பல ஒரே தடவையில் ஏழெட்டு நிமிடம் பொரிப்பதோடு சரி. கூட்டம் ஓயாத கடையில் ஒரே பொரிப்பு போதும். கண்ணாடிப் பெட்டியில் கால்மணி நேரம் காத்துக் கிடக்கும் சிப்ஸ் எத்தனை முறை பொரித்தாலும் தளரத்தான் செய்யும்.

நிறம் பொன்னிறத்தோடு நிற்க வேண்டும். கறுக்க வறுத்தால் அக்ரிலமைடு என்ற, உடல்நலத்துக்குக் கேடான பொருள் கூடுதலாக உருவாகிறது. அதைக் குறைக்கும் நடவடிக்கை எடுப்பது 2018 ஏப்ரல் முதல் உணவுக் கடைகளுக்குச் சட்டக் கடமை.

மீன்

யார்க்ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் ஹேடாக். லங்காஷயரிலும் தெற்கிலும் காட். இந்த எல்லைக்கோடு மங்கிக்கொண்டு வந்தாலும், யார்க்ஷயர் பக்கம் ‘ஃபிஷ்’ என்று மட்டும் சொன்னால் பல கடைகளில் தட்டுக்கு வருவது ஹேடாக்தான். காட் தடித்த துண்டு, பெரிய இதழ்களாகப் பிரியும், சுவை மென்மை. ஹேடாக் கொஞ்சம் மெலிந்தது, இனிப்பு தூக்கல். மீன்குழம்பு, வறுவல் என்று பழகிய நாக்குக்கு இரண்டுமே முதலில் சப்பென்றுதான் தோன்றும். அந்த இரண்டில் ஹேடாக் சீக்கிரம் பிடித்துப்போகும். பிளேஸ் தட்டைமீன், மென்மையானது, சீக்கிரம் வெந்துவிடும். லண்டனிலும் தென்கிழக்குக் கரையிலும் ‘ராக்’ என்று எழுதியிருப்பது சிறிய சுறா இனம். சதை இறுக்கம், நடுவில் குருத்தெலும்பு மட்டும், முள் கிடையாது. பால்சுறா சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பதம் தெரியும். ஆனால் அதில் சேரும் முள்சுறா வடகிழக்கு அட்லாண்டிக்கில் எண்ணிக்கை கடுமையாகக் குறைந்துபோன இனம். வேறு மீன் இருக்கும்போது அதைத் தவிர்ப்பதே நல்லது.

உறைய வைத்த மீன் என்றால் மட்டம் என்ற எண்ணத்தை இந்தக் கடைகளைப் பொறுத்தவரை விட்டுவிட வேண்டும். நார்வே, ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுக் கப்பல்கள் நார்வே, ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலிலும் அதை ஒட்டிய கடல்களிலும் பிடித்து, சில மணி நேரத்துக்குள் கப்பலிலேயே துண்டு போட்டு உறைய வைக்கின்றன. பத்து நாள் பனிக்கட்டியில் கிடந்து வரும் ‘ஃபிரெஷ்’ மீனைவிட அது பல சமயம் நன்றாகவே இருக்கும். கோளாறு வருவது உருக்கும்போது. இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் மெதுவாக உருக வேண்டியதை, வெந்நீரிலோ சமையலறை மேடையிலோ அவசரமாக உருக்கினால் சதையின் சாறு வடிந்துவிடும். அந்தத் துண்டு பொரித்த பின் நார்நாராக, வறண்டு இருக்கும். துண்டை ஒற்றியெடுக்காமல் ஈரத்தோடு மாவில் முக்கினால் வேறு கோளாறு: மாவுக்கும் மீனுக்கும் நடுவில் வழுவழுப்பான வெள்ளைப் படலம் நிற்கும், முள்கரண்டி பட்டதும் மாவு ஓடாகக் கழன்று வரும். தட்டில் மாவு தனியாக, மீன் தனியாகப் பிரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். முக்குவதற்கு முன் காய்ந்த மாவில் ஒரு புரட்டுப் புரட்டினால் இது நடக்காது.

தோலும் இடத்துக்கு இடம் மாறும். யார்க்ஷயரில் தோலை உரித்துவிடுவார்கள். தெற்கில் ஒருபக்கத் தோலோடு பொரிக்கும் கடைகள் நிறைய. தோல் இருந்தால் துண்டு உடையாது, ஆனால் அந்தப் பக்கம் மாவு சரியாகப் பிடிக்காது.

மாவு, எண்ணெய், கை

நம்மூர் பஜ்ஜிக்குக் கடலை மாவு. இங்கே மைதாவுக்கு நெருக்கமான கோதுமை மாவு, குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் பேக்கிங் பவுடர், உப்பு. அவ்வளவுதான். தண்ணீர் நல்ல குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அடித்துக் கலக்கக் கூடாது. சூடும் கலக்கலும் கூடினால் மாவின் பசைத்தன்மை ஏறி, பொரித்த பிறகு மொறுமொறுப்புக்குப் பதிலாக ஜவ்வுத்தன்மை வரும். மதியம் கலக்கிய மாவை இரவு வரை அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கடையில் மேல்மாவு ரொட்டிப் பதத்தில் இருப்பது அதனால்தான்.

பொரிப்பவரின் கையைக் கவனியுங்கள். மீனின் வால்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து மாவில் முக்குவார். பாத்திர விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்து மிச்சத்தை வழிப்பார். எண்ணெய்க்குள் சட்டென்று விடமாட்டார். பாதித் துண்டை இறக்கி மேலாகவே முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை அலைப்பார். அந்த இரண்டு நொடியில் மாவு உப்பிப் பிடித்துக்கொள்ளும், துண்டு அடியில் போய் ஒட்டாமல் மிதக்கும். பிறகு தன் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக் கைவிடுவார், தெறிக்கும் எண்ணெய் அந்தப் பக்கம் போக. கரண்டியால் அதே மாவில் கொஞ்சம் எடுத்து மீனின் மேல் தூவிவிடுபவர்களும் உண்டு. கரடுமுரடான அந்தத் துணுக்குகள்தான் வாயில் நொறுங்கும்.

சுமார் 180 டிகிரி எண்ணெயில் 200 கிராம் துண்டுக்கு ஆறேழு நிமிடம். வெளியே மாவு வறுபட, உள்ளே மீன் தன் சொந்த ஈரத்தின் ஆவியில் வேகிறது. ஆவி வெளியே பாய்ந்துகொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே போக முடியாது. எண்ணெய் ஏறுவது பெரும்பாலும் வெளியே எடுத்த பிறகுதான்: சூடு இறங்கி உள்ளே அழுத்தம் குறைந்ததும் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படும். ஆகவே எடுத்த கையோடு உதறி, நிமிர்த்தி வடியவிடும் கடைக்காரர் கெட்டிக்காரர். ஒரே சட்டியில் எட்டுப் பத்துத் துண்டைத் திணித்தால் சூடு 150-க்கு இறங்கும், அப்புறம் என்ன செய்தும் எண்ணெய் சொட்டுவதைத் தடுக்க முடியாது.

மாட்டுக் கொழுப்பைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஹல் உள்ளிட்ட யார்க்ஷயர் ஊர்களில் மரபான பொரிப்பு எண்ணெய் மாட்டுக் கொழுப்புதான். மீன் மட்டுமல்ல, சிப்ஸும் அதிலேயே பொரிபடும். மாட்டிறைச்சி தவிர்க்கும் இந்துக்களும், ஹலால் பார்க்கும் முஸ்லிம்களும், சைவச் சாப்பாட்டுக்காரர்களும் ‘வெறும் சிப்ஸ்தானே’ என்று வாங்கிவிடக் கூடாது. தெற்கில் பனை எண்ணெய், ரேப்சீட் எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் அதிகம். ஆனால் ஊரை வைத்து முடிவுகட்ட வேண்டாம். கல்லாவில் நேராகக் கேளுங்கள்: எதில் பொரிக்கிறீர்கள்? சிப்ஸுக்குத் தனிச் சட்டியா? பன்றி சாசேஜும் அதே சட்டியிலா? எந்தக் கடைக்காரரும் இதைத் தவறாக நினைக்கமாட்டார், தினமும் கேட்கப்படுகிற கேள்விதான்.

மாட்டுக் கொழுப்பை விட்டுக்கொடுக்காதவர்கள் சொல்லும் காரணத்திலும் உண்மை இருக்கிறது. அது அதிகச் சூட்டில் சீக்கிரம் சிதையாது, ஆறும்போது இறுகுவதால் மேல்மாவுக்குத் தனி நொறுங்கல் தரும், மணமும் வேறு. ஆறினால் மட்டும் உதட்டிலும் அண்ணத்திலும் மெழுகாகப் படியும். தாவர எண்ணெய் அப்படிப் படியாது. ஆனால் தினமும் வடிகட்டாவிட்டால் சீக்கிரம் கறுத்து, நுரைத்து, புகைய ஆரம்பிக்கும். கடைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் எண்ணெய் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். வெளியே வந்துவிடலாம்.

மேசையில்

வடக்கே உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் மீன், சிப்ஸ், வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு பானை தேநீர் என்று சேர்த்தே விலை போடுவது பழைய வழக்கம். ரொட்டியில் சிப்ஸை வைத்து மடித்துச் சாப்பிடலாம். கூடவே வரும் பட்டாணி மசியல் பச்சைப் பட்டாணியில் செய்ததல்ல. முற்றிக் காய்ந்த மாரோஃபேட் பட்டாணியைச் சமையல் சோடாவோடு இரவு ஊறவைத்து, குழையும் வரை வேகவைத்தது. சோடா அதிகமானால் சோப்பு வாடை அடிக்கும். இயல்பான நிறம் மங்கிய பச்சை. பளிச்சென்று இருந்தால் சாயம் சேர்த்திருக்கிறார்கள். கறி சாஸ் என்று தருவது இனிப்பு கலந்த மஞ்சள் குழம்பு. நம் குழம்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளத் தனிப் பண்டமாக நினைத்தால் நன்றாகவே இருக்கும்.

எடின்பரோவில் உப்பும் வினிகரும் கேட்டால் வெளியூர்க்காரர் என்று கண்டுகொள்வார்கள். அங்கே உப்பும், வினிகர் கலந்து இளக்கிய பழுப்பு சாஸும். யார்க்ஷயரில் எண்ணெயில் மிதந்த மாவுத் துணுக்குகளைக் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். அங்கேயே ‘ஃபிஷ்கேக்’ என்றால் இரண்டு உருளைக்கிழங்கு வட்டத்துக்கு நடுவே மீனை வைத்து மாவில் முக்கிப் பொரித்தது. விலையும் குறைவு, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று போதும்.

மேசையில் இருக்கும் பழுப்புத் திரவத்தின் சீட்டைப் படித்துப் பாருங்கள். மால்ட் வினிகர் பார்லியைப் புளிக்கவைத்துச் செய்தது. பல கடைகள் வைத்திருப்பது தண்ணீரில் அசிட்டிக் அமிலமும் கேரமல் நிறமும் கலந்தது. சட்டப்படி அதை வினிகர் என்று விற்க முடியாது. புளிப்பு உண்டு, மணம் இல்லை. முதலில் உப்பு, பிறகு வினிகர் என்றால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். வினிகரை முதலில் விட்டு அதன் மேல் உப்பைத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மீனின் மேல்மாவில் வினிகரைக் கொட்டுவது அத்தனை பாடுபட்டு விரட்டிய ஈரத்தைத் திரும்ப ஊற்றுவது. சிப்ஸுக்கு விடுங்கள், மீனுக்கு எலுமிச்சை இரண்டு சொட்டு, அதுவும் வெட்டித் திறந்த சதையின் மேல்.

கோதுமை ஒவ்வாதவர்கள் சிப்ஸையும் நம்ப முடியாது, மாவு விழுந்த எண்ணெய் கலந்திருக்கும். அரிசி மாவில் தனிச் சட்டியில் பொரிக்கும் கடைகள் உண்டு. குறிப்பிட்ட நாளில் மட்டும் அப்படிச் செய்யும் கடைகளும் உண்டு. முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கடைகளுக்குச் சுகாதார மதிப்பெண் 0 முதல் 5 வரை. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதைக் கதவில் ஒட்டியாக வேண்டும். இங்கிலாந்தில் கடைக்காரர் விருப்பம். அதனால் ஒட்டாத கடையின் மதிப்பெண்ணை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

விலை ஏன் ஏறியது

ஒரு தட்டு 10 பவுண்டைத் தாண்டிவிட்டது என்ற புலம்பலைக் கடைக்குக் கடை கேட்கலாம். சூடான உணவுக்கு 20 சதவீத வரி உண்டு. 12 பவுண்டு தட்டில் 2 பவுண்டு வரிக்கே போகிறது. 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் தட்டுப்பாடு வந்தது. அதே வருடம் காட், ஹேடாக் போன்ற ரஷ்ய வெள்ளைமீனுக்கு பிரிட்டன் 35 சதவீதக் கூடுதல் சுங்கம் போட்டது. எரிவாயு, மின்சாரக் கட்டணமும் ஏறியது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட நீடித்த காரணம் கடலில் இருக்கிறது. பேரண்ட்ஸ் கடல் காட் மீனுக்கு நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து நிர்ணயிக்கும் பிடிப்பு அளவு 2021-ல் 8,85,600 டன். 2025-ல் 3,40,000 டன். 1991-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. ஏற்கெனவே 1976-ல் ஐஸ்லாந்தின் 200 கடல்மைல் எல்லையை பிரிட்டன் ஏற்றுக்கொண்ட பிறகு ஹல், கிரிம்ஸ்பியின் தூரக்கடல் மீன்பிடிப்பு நொடித்துப்போனது. இன்று அந்தத் தட்டில் உள்ள காட் பெரும்பாலும் வாங்கி வந்ததுதான்.

ஆகவே பலகையில் ஹேக் என்றோ கோலி என்றோ எழுதியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஹேக் மென்மையான வெள்ளைச் சதை, பிரிட்டனைச் சுற்றிய கடலிலேயே பிடிபடுகிறது. கோலி வேகும் முன் சாம்பல் நிறம், வெந்ததும் வெளுத்துவிடும், காட்டைவிட விலை மலிவு. வழக்கமாக விற்காத மீன் என்பதால் கண்ணாடிப் பெட்டியில் தயாராக இருக்காது, உங்களுக்கென்றே சட்டியில் இறங்கும். எட்டு நிமிடம் காத்திருந்தால் போதும்.